கரையில் ஒதுங்கிய கணக்கு

நள்ளிரவு தாண்டி நீலாங்கரைக் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தால் முதலில் பழக வேண்டியது இருட்டு. கண் பழகக் கால் மணி நேரமாவது பிடிக்கும். அதுவரை முன்னால் போகிறவரின் காலடிச் சத்தம்தான் வழி. மாசி மாதத்துச் சனிக்கிழமை இரவு ஒன்றில் அப்படி நடந்த முப்பது சொச்சம் பேரில் நானும் இருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்தபடி ஒரு தாய். யாரோ செல்போன் விளக்கைப் போட, "சார், லைட்டு வேணாம் சார்" என்று முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதில் கண்டிப்பு பாதி, கெஞ்சல் பாதி.

ஒன்றரை மணிக்குத் தடம் தென்பட்டது. கடலிலிருந்து மேலேறி, ஒரு வளைவு வளைந்து, திரும்பவும் கடலுக்கே இறங்கியிருந்தது. ஆமை போய்விட்டிருந்தது. மணல் கலைந்து கிடந்த இடத்தில் தன்னார்வலர் ஒரு குச்சியை மெதுவாக இறக்கிப் பார்த்தார். மூன்று இடத்தில் கெட்டியாக நின்ற குச்சி, நான்காவது இடத்தில் தானாக உள்ளே போனது. அங்கே குப்புறப் படுத்துக் கையால் தோண்டினார். முழங்கைக்கு மேல் மணலுக்குள் போன பிறகு முதல் முட்டை வந்தது. மேசைப் பந்து போல வெள்ளையாக, ஈரமாக, விரல் பட்டால் லேசாகக் குழியும் ஓட்டோடு. அந்தச் சிறுமியை எண்ணச் சொன்னார்கள். எண்பதைத் தாண்டியதும் தூக்கம் அவள் கண்ணைச் சுழற்றியது. ஆனாலும் எண்ணிக்கையை விடவில்லை. 118. தேதி, இடம், நேரம், முட்டைகள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு துணிப்பையில் முட்டைகளை வைத்துப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போனார்கள்.

அன்று எனக்கு ஆமை காணக் கிடைக்கவில்லை. ஆனால் வீடு திரும்பிய பிறகும் மனதில் நின்றது அந்த நோட்டு. இயற்கையின் பேரால் மக்களைக் கூப்பிடும் நம் நிகழ்ச்சிகள் பலவற்றில் தொப்பி உண்டு, பதாகை உண்டு, உறுதிமொழி உண்டு, தேநீரும் சமோசாவும் உண்டு. நோட்டு மட்டும் இருப்பதில்லை. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் எங்கே இடம் காலியாகத் தெரிகிறதோ அங்கே மரக்கன்று நடுகிறோம். அந்தக் காலியிடம் சதுப்பாகவோ புல்வெளியாகவோ இருக்கலாம். மரம் இல்லாததாலேயே அங்கே பிழைக்கிற உயிர்கள் இருக்கலாம். அடுத்த ஜூனில் அந்தக் கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைக்கும் வேலையை யாருக்கும் கொடுப்பதில்லை. விழிப்புணர்வு என்ற சொல்லை நாம் தேய்த்துத் தேய்த்ததில் இப்போது அதில் விழிப்பும் இல்லை, உணர்வும் இல்லை.

சென்னைக் கடற்கரையில் இந்த ஆமை நடைக்கு அரை நூற்றாண்டு வயது. 1970களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் பாம்புப் பண்ணை நண்பர்களும் நடக்கத் தொடங்கினார்கள். 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு உருவானது. அன்று முதல் ஆண்டுதோறும் முட்டையிடும் பருவம் முழுக்க, பெசன்ட் நகரை ஒட்டிய கரையில் யாராவது நடந்துகொண்டே இருக்கிறார்கள். தொடங்கியவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்திருப்பார்கள். ஆள் மாறியது, நோட்டு மாறவில்லை.

அந்த நோட்டின் மதிப்பு 2025 ஜனவரியில் தெரிந்தது. சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரக் கரைகளிலும் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தவை பல. சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுதோறும் சில ஆமைகள் ஒதுங்குவது வழக்கம்தான். அதனால் "இதெல்லாம் எப்போதும் நடக்கிறதுதானே" என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. அந்த வழியை அடைத்தது ஆண்டுக்கணக்காக எழுதி வந்த எண்கள்தான். வழக்கமாக எத்தனை என்று தெரிந்தவரால் மட்டுமே இது வழக்கமில்லை என்று சொல்ல முடியும். செய்தித்தாள்கள் எழுதின, பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரித்தது, கடலில் ரோந்து கூடியது.

காரணம் மர்மமானதல்ல. கடலாமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. காற்றுக்காக மேலே வந்தே தீர வேண்டும். விசைப்படகு இழுக்கும் மடி வலையில் சிக்கினால் மேலே வர வழியில்லாமல் மூச்சு முட்டிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்ள கட்டுப்பாடு. முட்டையிடும் காலத்தில் ஆமைகள் கூடுவதும் கரைக்கு நெருங்கிய அதே நீரில்தான். வனவுயிர்ச் சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதே முதல் பட்டியல் பாதுகாப்பு இந்த ஆமைக்கும் உண்டு. சட்டத்துக்குக் குறைவில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். பொரிப்பகங்களிலிருந்து கடலில் விடப்படும் குஞ்சுகளின் எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் படத்தோடு செய்தியாகிறது. மகிழ்ச்சியான செய்திதான், நானும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து ஆளாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டால், செத்து ஒதுங்கிய ஆயிரம் பெரிய ஆமைகளை ஈடுகட்டப் பத்து லட்சம் குஞ்சுகள் வேண்டும். அதுவும் அவை முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வரவைக் கைதட்டி அறிவிக்கிறோம். செலவுக் கணக்கோ அலை ஒதுக்கிய இடத்தில் நாறிக் கிடக்கிறது. எத்தனை குஞ்சு விட்டோம் என்று சொல்லும் அதே பலகையில் இந்த வாரம் எத்தனை ஆமை செத்து ஒதுங்கியது என்றும் எழுதினால் என்ன?

எழுதி வைப்பதன் வலிமைக்குக் கடற்கரையைவிட்டு உள்ளே போனால் இன்னும் துலக்கமான சான்று இருக்கிறது. மதுரை மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைச் சுற்றிய பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 193 ஹெக்டேர். குன்றுகள், அவற்றிலிருந்து இறங்கும் நீர் நிரப்பும் கண்மாய்கள், ஊற்றுகள், சமணப் படுக்கை, தமிழி கல்வெட்டு, லகார் வல்லூறு. அந்த அறிவிப்புக்கு முன்பே ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் பல ஆண்டுகள் ஏறி இறங்கிப் பெயர் பெயராகப் பட்டியல் போட்டிருந்தார்கள். யாருக்கு ஆகும் இந்தப் பட்டியல் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு அறிவிக்கப்பட்டபோது அதன் பயன் தெரிந்தது. வெறும் பாறைக்காடு என்று வரைபடத்தில் தோன்றிய இடத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு ஊரின் கையில் ஆதாரம் இருந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் மதுரைக்கு நடந்தார்கள், சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் திரண்டதால் வந்த வெற்றி அது, பட்டியலால் மட்டும் வந்ததல்ல. ஆனால் திரண்டவர்கள் வெறுங்கையோடு திரளவில்லை.

இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1790களில் அவர் பறவைகளுக்கான பாதுகாப்பை எழுத்தில் கொடுத்தார். ஊர்க்காரர்கள் பறவை நேசத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போகவில்லை. நாரையும் கொக்கும் எச்சமிட்ட ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2020இல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தபோதும் இந்த இரு நூற்றாண்டு வரலாறுதான் எதிர்த்தவர்களுக்கு முதல் சாட்சியாக நின்றது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தலைமுறையாக அப்படி. பட்டாசுக்கு ஆசைப்படும் வயதுப் பிள்ளையை ஒரு கிராமம் எப்படிச் சமாளிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். எந்தக் கருத்தரங்கமும் கற்றுத்தராத பாடம் அது.

சரி, ஒரு சாதாரண நகரவாசிக்கு எங்கே இடம்? இடம் இருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை. பொங்கல் நாள்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று கண்ணில் பட்ட பறவையையெல்லாம் எழுத முடிந்தால் போதும், மொட்டை மாடியிலேயே சேர்ந்துகொள்ளலாம். காகம், மைனா, புறா என்று மூன்றே பெயர் எழுதினாலும் அது கணக்கு. சிட்டுக்குருவி காணாமல் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் பத்தாண்டு இதைச் செய்திருந்தால், எங்கே போனது, எங்கே போகவில்லை என்று இன்று தெருவாரியாகப் பேசலாம். வனத்துறையும் ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

இவற்றைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று நம் உள்ளாட்சி அலுவலகங்களில் தூங்குகிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். ஊரில் உள்ள செடி, பூச்சி, மீன், பறவை, அவை பற்றி மக்களுக்குத் தெரிந்த அறிவு எல்லாவற்றையும் மக்களோடு பேசி ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்து, அபராதம் என்று சொன்ன பிறகு நாடெங்கும் பதிவேடுகள் வேக வேகமாகத் தயாராயின. நான் போய்க் கேட்ட ஓர் அலுவலகத்தில், அப்படி ஒரு பதிவேடு இருப்பதே அங்கிருந்தவருக்குப் புதுச் செய்தி. "எந்த செக்‌ஷன் சார் அது?" என்று என்னையே கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யாரும் வந்து கேட்காத ஏட்டை அவர் ஏன் தேடி வைத்திருக்க வேண்டும்? அடுத்த கிராம சபையில், அடுத்த வார்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லட்டும். இன்னொருவர் நம் ஏரியில் உள்ள நாமக்கோழியை இதில் காணோமே என்று கேட்கட்டும். தூசு தட்ட அந்த இரண்டு கேள்வி போதும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த நடைகளுக்கும் கணக்கெடுப்புகளுக்கும் வருகிறவர்களில் என்னைப் போன்றவர்களே அதிகம். மறுநாள் மதியம்வரை தூங்க வசதியுள்ளவர்கள். கடலில் பிழைக்கிறவர்கள் நோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். பங்குனி ஆமை என்று அதற்குப் பெயர் வைத்ததே மீனவர்கள்தாம். எந்த மாதத்தில் எது கரையேறும் என்பதை எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் பெயரிலேயே எழுதி வைத்தவர்கள். ஆமை செத்தால் மொத்தப் பழியும் "மீனவர்" என்ற ஒரே சொல்லின் மேல் விழுகிறது. கட்டுமரத்திலும் சிறு படகிலும் போகிறவருக்கும், 5 கடல் மைலுக்குள் நுழைந்து மடி இழுக்கும் விசைப்படகுக்கும் உள்ள வேறுபாடு செய்தியில் தொலைந்துபோகிறது. அந்த மடியால் ஆமைக்கு உயிர் போகிறது, சிறு படகுக்காரருக்கு மீன் போகிறது. இருவருக்கும் எதிராளி ஒன்றே என்று தெரிந்தும் மீனவர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்காமல் எழுதும் கணக்கு பாதிக் கணக்குதான்.

அந்த இரவு எங்கள் நடை பெசன்ட் நகரில் முடியும்போது மணி நாலு. குப்பத்தின் பக்கம் ஒரு பெரியவர் படகில் வலையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ஆமை பாக்க வந்தீங்களா?"

"பாக்கல அண்ணே. முட்டைதான் கெடச்சுது."

"முந்தாநேத்து இங்கியே ரெண்டு ஏறிச்சு." வலையிலிருந்து கையை எடுக்காமல் நோட்டைப் பார்த்தார். "செத்ததையும் எழுதிக்கிறீங்களா?"

எழுதுகிறோம் என்று நோட்டு வைத்திருந்த மாணவர் பக்கத்தைத் திருப்பி, அந்த வாரத்துப் பட்டியலை வாசித்துக் காட்டினார். பெரியவர் கேட்டு முடித்துத் தலையை ஆட்டினார்.

"வியாழக்கெழம ஒடஞ்ச பாலத்தாண்ட ஒண்ணு கெடந்துச்சு. பெருசு. அத்த எழுதலியே."

மாணவர் செல்போன் விளக்கைப் போடாமல், தெருவிளக்கு வெளிச்சம் எட்டுகிற இடத்துக்கு நகர்ந்து போய் எழுதிக்கொண்டார்.