50 வாட் ஹாலஜனுக்கு 7 வாட் எல்இடி போதுமா? கடை விளக்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சேலைக் கடையில் நாலைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போவது நம்மூரில் யாருக்கும் புதிதல்ல. “கடை லைட்டுல ஒரு கலரு, வீட்டுல போய்ப் பார்த்தா வேற கலரு” என்று ஏமாந்த அனுபவம் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. மேலே இருபது ஸ்பாட் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதும் வாடிக்கையாளர் சூரிய வெளிச்சத்தைத்தான் நம்புகிறார்.

விசைத்தறிக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் இது ரசனை விவகாரம் மட்டுமல்ல, பிழைப்பு. ஆடித்தபசு, தீபாவளி, முகூர்த்த மாதங்கள் எனக் கூட்டம் வரும் நாட்களில், விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டினால் விற்ற சேலை மறுநாளே திரும்பி வரும். அதனால்தான் “ஹாலஜனைக் கழற்றிட்டு எல்இடி போட்டா கரண்ட் பில் பாதியாகும்” என்று எலக்ட்ரீஷியன் சொல்லும்போது கடைக்காரர் கொஞ்சம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், பணக் கணக்கில் அவருக்குச் சந்தேகமே வேண்டாம்.

பில்லில் என்ன வித்தியாசம்?

ஒரு கடையில் 50 வாட் ஹாலஜன் ஸ்பாட் 20 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 வாட். தினமும் 10 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 10 யூனிட்; இரண்டு மாத பில்லில் 600 யூனிட். அதே 20 இடத்திலும் 7 வாட் எல்இடி போட்டால் 84 யூனிட்தான். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 6,000 ரூபாய் இருந்த இடத்தில் 840 ரூபாய்.

இந்த 10 ரூபாய் மிகைப்படுத்தல் இல்லை. தமிழகத்தில் 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. அதற்குப் பிறகு 2023, 2024, 2025 ஜூலை மாதங்களிலும் வணிக இணைப்புகளுக்குக் கட்டணம் கூடியது. சேலையை நெய்யும் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். 2023-க்கு முன்பு இது 750 யூனிட்டாக இருந்தது. அந்தச் சேலையை விற்கும் கடைக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

ஏசி கடையாக இருந்தால் லாபம் இன்னும் அதிகம். விளக்குக்குள் போகும் மின்சாரம் கடைசியில் கடைக்குள்தான் வெப்பமாகச் சேர்கிறது. 860 வாட் வெப்பம் குறைந்தால், அதை வெளியே தள்ள ஏசி இழுக்கும் மின்சாரத்தில் சுமார் 250 முதல் 300 வாட் வரை மிச்சம்.

குண்டு பல்பு கணக்கு இங்கே செல்லாது

சிக்கல் இதற்குப் பிறகுதான். மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. அதன் மூலம் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் விற்கப்பட்டன, விலையும் மளமளவென்று இறங்கியது. நல்ல விஷயம். ஆனால், அது நமக்கு ஒரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டது: “இத்தனை வாட் குண்டு பல்புக்கு இத்தனை வாட் எல்இடி” என்று வாட்டை வைத்தே எல்லாவற்றையும் ஒப்பிடுவது. அறை முழுக்க வெளிச்சம் பரப்பும் பல்புக்கு அது ஓரளவு சரி. ஒரே இடத்தில் குவித்து அடிக்க வேண்டிய ஸ்பாட் லைட்டுக்கு அது போதாது.

ஸ்பாட் லைட்டில் முதலில் பார்க்க வேண்டியது பீம் ஆங்கிள், அதாவது வெளிச்சம் எவ்வளவு அகலமாக விரிகிறது என்பது. கடைகளில் அதிகம் இருந்த ஹாலஜன் ஸ்பாட் 36 டிகிரி வகை. இரண்டு மீட்டர் கீழே அது சுமார் 1.3 மீட்டர் வட்டத்தில் விழும். மாற்றாகப் போடும் எல்இடி 60 டிகிரி என்றால் வட்டம் 2.3 மீட்டராகிவிடும். இரண்டும் மொத்தத்தில் ஒரே அளவு வெளிச்சத்தைத் தந்தாலும், நடுவில் விழும் பிரகாசம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பொம்மைக்குக் கட்டியிருக்கும் பட்டுச் சேலை பளிச்சென்று தெரியாமல், பக்கத்துச் சுவரும் தரையும் சேர்ந்து மங்கலாகத் தெரியும்.

இதைப் பார்த்ததும் “7 வாட் பத்தலைங்க, 12 வாட் போடுங்க” என்பார்கள். தேவையில்லை. அதே 7 வாட்டில் 36 டிகிரியோ 24 டிகிரியோ கேட்டு வாங்கினாலே போதும். பெட்டியில் லூமென் மட்டும் போட்டிருந்தால் ஏமாறக்கூடாது. கேண்டெலா என்ற அளவுதான் குவிந்து விழும் வெளிச்சத்தைச் சொல்லும்.

அரக்கு ஏன் பழுப்பாகத் தெரிகிறது?

ஹாலஜனுக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. அது கொதித்து ஒளிர்வதால் சிவப்பிலிருந்து ஊதா வரை எல்லா நிறமும் விட்டுப்போகாமல் அந்த வெளிச்சத்தில் இருக்கும். அதில் சிவப்பும் மஞ்சளும் தூக்கல். நகைக்கடைக்காரர்கள் அதை விடமாட்டேன் என்று அடம்பிடித்ததற்குக் காரணம் இதுதான். தங்கமும் ஜரிகையும் அதில் தனி அழகு.

வெள்ளை எல்இடி அப்படியல்ல. உள்ளே இருப்பது நீல எல்இடி; மேலே பூசிய மஞ்சள் நிறப் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை வேறு நிறங்களாக மாற்றுகிறது. நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான விளக்குகளில் பாஸ்பர் கலவை சரியாக இருக்காது. அடர் சிவப்பு அந்த வெளிச்சத்திலேயே குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பைச் சேலை எப்படித் திருப்பிக் காட்டும்? அரக்கு பழுப்படிக்கும், குங்குமச் சிவப்பு மங்கும்.

நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு மதிப்பெண் உண்டு. ஹாலஜனுக்கு ஏறக்குறைய 100. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் எல்இடிக்கு 80. இதில் ஒரு சூட்சுமம்: அந்த மதிப்பெண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்புக்கான ஆர்9 என்ற எண் அதில் சேராது. அதனால் 80 வாங்கிய விளக்கு அடர் சிவப்பில் கோட்டை விட்டிருக்கலாம். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் சிஆர்ஐ 90-க்கு மேல், ஆர்9 எவ்வளவு என்று கேட்டு வாங்குவதுதான் சரி. விலை கூடுதலாக இருக்கும். மேலே பார்த்த பில் மிச்சத்தில் அது சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

இது 3,000 கெல்வின், 6,500 கெல்வின் என்ற விஷயம் வேறு. அது வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதை மட்டும் சொல்லும். பழைய ஹாலஜன் சாயல் வேண்டுமென்றால் 3,000 போடலாம். பளீர் வெள்ளைதான் நல்ல வெளிச்சம் என்று நினைத்து 6,500 வாங்கி, தங்கத்தைப் பித்தளை மாதிரி காட்டிக்கொண்டிருக்கும் கடைகள் ஏராளம்.

மினுக் மினுக் எங்கிருந்து வருகிறது?

மாற்றிய அன்றே எல்இடி மினுங்கினால் பல நேரம் பல்பு மீது குற்றமில்லை. இரண்டு ஊசி போன்ற கால் உள்ள 12 வோல்ட் எம்ஆர்16 ஹாலஜனுக்கு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரு எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதன் மேல் ‘20–60 வாட்’ என்பது போல எழுதியிருக்கும். குறைந்தது 20 வாட் இழுத்தால்தான் அது ஒழுங்காக ஓடும் என்று அர்த்தம். 7 வாட் எல்இடியை மாட்டினால் அதற்கு அந்தச் சுமை போதாது; விட்டு விட்டு எரியும், அல்லது எரியவே எரியாது. எல்இடிக்கான டிரைவர் போட வேண்டும். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே தேவைப்படாத 230 வோல்ட் ஜியு10 வகைக்கு ஹோல்டரோடு சேர்த்து மாற வேண்டும். பழைய டிம்மர் இருந்தாலும் இதே தொல்லைதான்.

25,000 மணி நேரம் ஓடுமா?

ஹாலஜன் 2,000 முதல் 4,000 மணி நேரம் ஓடும். எல்இடி பெட்டியில் 15,000, 25,000 என்று இருக்கும். எல்இடி சில்லு அவ்வளவு ஓடிவிடும். முதலில் போவது பெரும்பாலும் டிரைவருக்குள் இருக்கும் கெபாசிட்டர். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஹாலஜன் தன் வெப்பத்தைக் கதிராக வெளியே தள்ளிவிடும். பூக்கடையில் மல்லிகைக்கு மேலே அதை மாட்டினால் பூ சீக்கிரம் வாடுவது அதனால்தான். எல்இடி வெளிச்சத்தில் அந்தச் சூடு இல்லை, ஆனால் சூடு பின்பக்கம் பல்பின் உடம்பிலேயே தங்குகிறது. காற்றே போகாத மூடிய கிண்ணத்துக்குள் மாட்டினால், சித்திரை வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடிக்குக் கீழே அது எத்தனை நாள் தாங்கும்?

ஹாலஜனுக்கு இனி வேலையே இல்லையா என்றால், வெப்பமே வேண்டிய இடத்தில் இருக்கிறது. பேக்கரியில் பப்ஸ் சூடாக இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்இடி போட்டால் பப்ஸ் ஆறிப்போகும். மற்றபடி உலகம் அதைக் கைகழுவி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 230 வோல்ட் ஹாலஜன் ஸ்பாட்டுகளை 2016 செப்டம்பரிலும், குண்டு பல்பு வடிவ ஹாலஜனை 2018 செப்டம்பரிலும் சந்தையிலிருந்து விலக்கியது. இந்தியாவில் நாடு தழுவிய தடை இல்லாததால் இரண்டும் ஒரே கடையில் கிடைக்கின்றன.

மாற்றப் போகிறவர்கள் இருபதையும் ஒரே நாளில் கழற்ற வேண்டாம். முதலில் இரண்டு மட்டும் வாங்கி, ஒரு அரக்குச் சேலையையும் ஜரிகைக் கரையையும் அதன் கீழே விரித்து, பக்கத்தில் எரியும் ஹாலஜனோடும் பகல் வெளிச்சத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு வாரம் ஓடவிட்டு மினுங்குகிறதா என்றும் கவனிக்கலாம். பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வாரண்டி இரண்டு வருஷம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, தேதி போட்ட பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.