ஜிப்ஸியைத் தூக்கும் முன்

1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியின் உற்பத்தி நின்றுவிட்டாலும் மவுசு நிற்கவில்லை. பழைய வண்டியை வாங்கியவர் முதலில் ஒர்க்‌ஷாப்பில் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, கொஞ்சம் தூக்கிக் கொடுங்க!”

தூக்குவது பெரிய வித்தையில்லை. ஜிப்ஸியின் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை மேலே மாற்றிப் பொருத்தினாலே பாடி பல அங்குலம் எழும்பிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, ஜாயின்ட் அதிரும். பிரேக் ஹோஸ் இழுபடும். ஸ்டீயரிங் ராடின் கோணம் மாறும். ஈர்ப்பு மையம் உயர்வதால், வளைவில் வண்டி கவிழும் ஆபத்தும் அதிகம்.

இத்தனைக்கும் டிஃபரென்ஷியல் அதே உயரத்தில்தான் இருக்கும். அதைப் பாறையிலிருந்து காப்பது பெரிய டயர் மட்டுமே.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அடிப்படை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு.

முப்பது வயது வண்டிக்கு முதல் செலவு தேய்ந்த புஷ்களுக்கும், தொய்ந்த பட்டைகளுக்கும், நல்ல ஷாக் அப்சார்பர்களுக்குமே போக வேண்டும். தொய்வு நீங்கினாலே, இழந்த உயரம் பெருமளவு திரும்பிவிடும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதில் சொல்லவும் வேண்டியிருக்காது.