ஜெட்ஸின் கதை யாருக்குச் சொந்தம்?

கனடாவின் வின்னிபெக் நகரில் ஐஸ் ஹாக்கி பார்த்து வளர்ந்த ஐம்பது, அறுபது வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஜெட்ஸ் அணிக்காக அதிக கோல் அடித்தவர் யார்? யோசிக்காமல் ‘டேல் ஹவர்சக்’ என்பார்கள். 1981 முதல் 1990 வரை ஒன்பது சீசன்களில் அவர் அடித்தது 379 கோல்.

தேசிய ஹாக்கி லீகின் ஏடு அப்படிச் சொல்லவில்லை. இன்றைய ஜெட்ஸின் சாதனைப் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தவர், 328 கோல் அடித்த இலியா கோவல்சக். ஜெட்ஸ் சட்டையை அவர் ஒரு நாளும் போட்டதில்லை. அந்தக் கோல்கள் அத்தனையும் அமெரிக்காவின் அட்லாண்டா அணிக்காக அடித்தவை. பின்னர் ஜெட்ஸ் வீரர் மார்க் ஷைஃப்லி தன் 329ஆவது கோலை அடித்து அவரைத் தாண்டியபோது, ‘அணி வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர்’ என்று அறிவிக்கப்பட்டார். ஷைஃப்லி அந்தப் பாராட்டுக்குத் தகுதியானவர்தான். ஆனால், அதே ஊரில், அதே பெயர் கொண்ட அணிக்காக ஹவர்சக் அடித்த 379 எங்கே போயிற்று?

அது அரிசோனாவின் கணக்கில் இருந்தது. 1996இல் ஜெட்ஸ் அணியை வாங்கியவர்கள் அதை அந்த மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகருக்குக் கொண்டுபோனார்கள். 17 ஆண்டு லீக் வரலாறும் சேர்ந்தே போனது. வட அமெரிக்க விளையாட்டு உலகில் அணி என்பது உரிமையாளரின் சொத்து. வாங்கலாம், விற்கலாம், ஊரையும் மாற்றலாம். வீரர்களின் ஒப்பந்தங்களும் லீகில் உள்ள இடமும் விற்பனைக்கு உரியவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஓர் ஊர் மக்கள் பார்த்து, கத்தி, அழுது சேர்த்த வரலாற்றை அந்தச் சரக்கோடு சேர்த்து விற்பது அநியாயம். வின்னிபெக்கின் பழைய ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பவற்றைக் கேட்டாலே அது புரியும்.

அவர்களில் மூத்தவர்கள் 1972லிருந்து தொடங்குவார்கள். அந்த ஆண்டு தேசிய லீகுக்குப் போட்டியாக ‘உலக ஹாக்கி சங்கம்’ என்ற புதிய லீக் எழுந்தது. அதில் சேர்ந்த வின்னிபெக், சிகாகோ அணியின் பெரும் நட்சத்திரமான பாபி ஹல்லை இழுத்து வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட மட்டும் பத்து லட்சம் டாலர். போர்ட்டேஜ் சாலையும் மெயின் தெருவும் சந்திக்கும் நகரின் பெரிய சந்திப்பில், திரண்டு நின்ற கூட்டத்தின் முன்னால் அந்தக் கையெழுத்து நடந்தது. குளிர்கால இரவுகளில் மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கும், உலகம் அதிகம் கவனிக்காத ஊர் அது. அன்று ஒருநாள் ஹாக்கி உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது.

1974இல் ஸ்வீடனிலிருந்து ஆண்டர்ஸ் ஹெட்பெர்க்கும் உல்ஃப் நில்சனும் வந்தார்கள். ஐரோப்பிய வீரர்கள் அடிதடிக்குத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று வட அமெரிக்க ஹாக்கி நம்பிக்கொண்டிருந்த காலம். ஹல்லோடு சேர்ந்து அந்த இருவரும் ஆடிய வேகமான, வட்டமிட்டுச் சுழன்ற புதுவகை ஆட்டம் அந்த நம்பிக்கையை உடைத்தது. 1976, 1978, 1979 என்று மூன்று முறை அந்த லீகின் கோப்பை வின்னிபெக்குக்கு வந்தது. 1978 ஜனவரி 5 அன்று சோவியத் தேசிய அணியையே 5-3 என்று ஜெட்ஸ் வென்றது. அந்த இரவை நேரில் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு கோப்பை தேவைப்படவில்லை.

1979இல் போட்டி லீக் மூடப்பட்டு, ஜெட்ஸ் தேசிய லீகில் சேர்ந்தது. பழைய அணிகள் தங்கள் வீரர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டதால், வெற்றி அணி ஒரே கோடையில் கலைந்தது. அடுத்த ஆண்டு 80 ஆட்டங்களில் ஒன்பதே வெற்றி. அதில் தொடர்ச்சியாக 30 ஆட்டங்கள் வெற்றியே இல்லாமல் போயின. லீகின் வரலாற்றில் அதைவிட நீண்ட வறட்சி எந்த அணிக்கும் நேர்ந்ததில்லை. கடைசி இடத்துக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பில் வந்தவர்தான் பதினெட்டு வயது ஹவர்சக். ஹவர்சக்கை வின்னிபெக் ஏன் அப்படி நேசித்தது என்று வெளியூர்க்காரர் கேட்டால், அந்த 30 ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் பதில் சொல்ல முடியும்.

அவரோடு நல்ல காலம் வந்தது. ஆனால் எட்மன்டன் அணியில் மாபெரும் ஆட்டக்காரரான வேய்ன் கிரெட்ஸ்கி இருந்தார். 1983க்கும் 1990க்கும் இடையே ஆறு முறை, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் ஜெட்ஸை வெளியேற்றியது எட்மன்டன்தான். கிரெட்ஸ்கி போன பிறகு, 1990இல் ஏழு ஆட்டத் தொடரில் ஜெட்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. அப்போதும் தோற்றது.

தோல்விகளுக்கு நடுவில்தான் இந்த ரசிகர்கள் தங்களுக்கென ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். 1987இல் கால்கரியோடு பிளேஆஃப். கால்கரி ரசிகர்கள் அரங்கம் முழுக்கச் சிவப்பு உடுத்தி வருவார்கள். அதற்குப் பதிலடியாக வின்னிபெக் ரசிகர்கள் வெள்ளை உடுத்தி வந்தார்கள். அரங்கின் ஒரு முனையில் தொங்கிய இரண்டாம் எலிசபெத் ராணியின் பிரம்மாண்ட ஓவியத்துக்குக் கீழே, பனிக்களமும் இருக்கைகளும் ஒரே வெண்மை. ஐந்து மீட்டருக்கு ஏழு மீட்டர் அளவுள்ள அந்த ஓவியத்தைக் குறிப்பிடாமல் பழைய அரங்கைப் பற்றி எந்த வின்னிபெக்காரரும் பேசி முடிப்பதில்லை.

அடுத்த தலைமுறைக்கு டீமு செலானே. பின்லாந்திலிருந்து வந்த இந்த இளைஞர் 1992-93இல், தன் முதல் சீசனிலேயே 76 கோல் அடித்தார். புதுமுக வீரருக்கு அதுவரை இருந்த சாதனை 53. மார்ச் 2 அன்று அதைத் தாண்டியதும், தன் கையுறையை மேலே வீசி, மட்டையைத் துப்பாக்கிபோலப் பிடித்து அதைச் சுட்டார். அந்த 76 இன்றும் முறியடிக்கப்படாத சாதனை.

அணி போனதற்குக் காரணம் ரசிகர்கள் வராதது மட்டுமல்ல. வீரர்களின் சம்பளம் அமெரிக்க டாலரில் ஏறிக்கொண்டே போனது. டிக்கெட் வருமானம், வலுவிழந்த கனடா டாலரில் வந்தது. அரங்கமோ பழையது. 1995 மே மாதம் ஜெட்ஸ் போகப்போகிறது என்ற செய்தி வந்தபோது, இரண்டு ஆறுகள் கூடும் ‘ஃபோர்க்ஸ்’ திடலில் சுமார் 35,000 பேர் திரண்டார்கள். குழந்தைகள் உண்டியலை உடைத்துக் காசு கொடுத்தார்கள். அரங்கில் ஒரு பிரிவுபசார நிகழ்ச்சியே நடந்துமுடிந்தது. அந்த எழுச்சி வாங்கித் தந்தது ஒரே ஒரு கூடுதல் சீசன். அதன் நடுவே செலானேயும் அனாஹெய்ம் அணிக்கு மாற்றப்பட்டார். 1996 ஏப்ரல் 28 அன்று டெட்ராய்ட்டிடம் 4-1 என்று தோற்ற ஆட்டத்தோடு எல்லாம் முடிந்தது. கடைசி கோலை அடித்தவர் நார்ம் மக்காய்வர். பெரிய நட்சத்திரம் அல்லாத அவர் பெயர் அந்த ஊரில் இன்றும் நினைவில் இருப்பது அதனால்தான்.

போனது அணி மட்டுமா? பாபி ஹல்லுக்கு மரியாதையாக வின்னிபெக் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த 9ஆம் எண்ணும் ஃபீனிக்ஸுக்குப் போனது. 2005இல் அங்கே ஆடவந்த ஹல்லின் மகன் பிரெட், தந்தையின் விருப்பப்படி அந்த எண்ணை அணிந்தார். வின்னிபெக்கின் வெள்ளை உடை வழக்கம்கூட ஃபீனிக்ஸ் அரங்கில் தொடர்ந்தது, வெளியே பாலைவன வெயில் அடிக்க.

இது தவிர்க்க முடியாததா? இல்லை. அதே 1996இல், அமெரிக்கக் கால்பந்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் உரிமையாளர் தன் வீரர்களையும் அலுவலகத்தையும் பால்டிமோருக்கு மாற்றினார். கிளீவ்லாந்து நகரம் நீதிமன்றம் வரை போனது. உடன்பாட்டின்படி அணியின் பெயர், நிறம், சாதனைகள் எல்லாம் கிளீவ்லாந்திலேயே தங்கின. 1999இல் புதிய அணி வந்தபோது பழைய வரலாறு அதற்காகக் காத்திருந்தது. ஹாக்கி லீக் அந்த வழியில் போகவில்லை. கியூபெக் நகரம் 1995இல் தன் அணியை டென்வருக்கு இழந்தது. அடுத்த ஆண்டே அந்த அணி டென்வருக்காக லீகின் சாம்பியன் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1997இல் ஹார்ட்ஃபோர்டிலிருந்து வட கரோலினாவுக்குப் போன அணி, 2018இல் பழைய ஹார்ட்ஃபோர்ட் சட்டையைத் தன் அரங்கில் போட்டு ஆடி, அதை விற்கவும் செய்தது. சொந்த ஊரில் அணி இல்லாமல் தவிக்கும் ரசிகர்களின் ஏக்கம் வேறோர் ஊரின் கடையில் சரக்காகிறது.

வின்னிபெக்குக்கு அதிர்ஷ்டம் திரும்பியது. 2011 மே 31 அன்று, அட்லாண்டா திராஷர்ஸ் அணி வாங்கப்பட்டு வின்னிபெக்குக்கு வருவதாக அறிவிப்பு. 13,000 சீசன் டிக்கெட் விற்றாக வேண்டும் என்பது இலக்கு; பொதுமக்களுக்கு விற்பனை திறந்த 17 நிமிடங்களில் எல்லாம் தீர்ந்தன. அக்டோபர் 9இல் மான்ட்ரியாலிடம் 5-1 என்று தோற்ற முதல் ஆட்டத்தில் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. டிசம்பரில் எதிரணி வீரராக வந்த செலானேவுக்கு, சொந்தப் பிள்ளை வந்ததுபோல வரவேற்பு.

இந்த மகிழ்ச்சியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அட்லாண்டா ரசிகர்கள் அன்று இழந்தது, வின்னிபெக் 1996இல் இழந்ததையேதான். அவர்களுக்கு அது இரண்டாவது முறை. 1980இல் ஓர் அணி கால்கரிக்குப் போயிருந்தது. 2003இல் கார் விபத்தில் காயமடைந்து இறந்த இளம் வீரர் டான் ஸ்னைடருக்காகத் துக்கம் காத்தது அட்லாண்டா. அந்தத் துக்கமும் இன்று ஏட்டின்படி வின்னிபெக் அணியின் வரலாறு. வின்னிபெக்காரர்கள் அதைக் கேட்கவுமில்லை. அவர்களால் அதை உணரவும் முடியாது.

ஒரு மறுப்பு எழலாம். ரசிகர்களின் பாசம் நிலையானதா? 13,000ஆக இருந்த சீசன் டிக்கெட் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் சுமார் 9,500ஆகக் குறைந்திருந்தது. இப்படியே போனால் நீண்ட காலம் தாங்காது என்று உரிமையாளர் மார்க் சிப்மனே வெளிப்படையாகச் சொன்னார். பெருந்தொற்றுக் காலமும் டிக்கெட் விலையும் பலரை விலக்கியது உண்மை. அணியைக் காப்பாற்ற விரும்புகிறவர் அரங்குக்கு வர வேண்டும் என்பதும் உண்மை. ஆனால், டிக்கெட் வாங்குவது இன்றைய வியாபாரம். ஏற்கெனவே பார்த்து முடித்த முப்பது ஆண்டுகளை அந்தக் கணக்கில் கழிக்க முடியாது. ஊரோ நினைவுகளைச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கிறது. 2025 மே 4 அன்று செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், 1.6 நொடி மீதமிருக்கையில் ஜெட்ஸ் வீரர் கோல் பெர்ஃபெட்டி சமன் செய்தார். இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஆடம் லோரி வெற்றி கோல் அடித்தபோது வெள்ளை உடுத்திய அரங்கம் அதிர்ந்தது. 1987இல் வெள்ளை உடுத்திய இளைஞர்கள் பலர் இன்று பேரப்பிள்ளைகள் எடுத்தவர்கள்.

ஜெட்ஸ் நிர்வாகம் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது. 2016இல் தனக்கென ஒரு புகழ்மண்டபம் தொடங்கி, ஹல், ஹெட்பெர்க், நில்சன் மூவரையும் முதலில் சேர்த்தது. 2020இல் புற்றுநோயால் இறந்த ஹவர்சக்குக்கு 2022இல் நகரின் நடுவில் சிலை வைத்தது. அரங்குக்கு வருகிறவர்கள் அந்தச் சிலையருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

2024இல் அரிசோனா அணி செயல்படுவதை நிறுத்தி, அதன் வீரர்கள் சால்ட் லேக் நகருக்குப் போய்விட்டார்கள். பழைய ஜெட்ஸின் கணக்கைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஃபீனிக்ஸில் இப்போது ஆடும் அணி எதுவும் இல்லை. தேசிய ஹாக்கி லீக் ஒரு விதி கொண்டுவர வேண்டும்: அணி இடம் மாறினால் சாதனைகளும் எண்களும் அவை பிறந்த ஊரிலேயே இருக்க வேண்டும். 1979 முதல் 1996 வரையிலான கணக்கு வின்னிபெக்குக்கும், 1999 முதல் 2011 வரையிலான கணக்கு அட்லாண்டாவுக்கும் திரும்பட்டும். இதனால் யாரும் ஒரு டாலர்கூட இழக்கப்போவதில்லை.