'ஏஐ கோச்' வந்தாச்சு, யோசிக்கிறது யாரு?

செஸ் வகுப்பு விளம்பரங்களில் இப்போ புதுசா ஒரு வரி: "ஏஐ மூலம் பயிற்சி". காஞ்சிபுரத்தில் பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளாஸ் கிளாஸாக அலையும் அப்பாக்கள் இதைப் பார்த்ததும் பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள். பாவம். பல இடங்களில் உள்ளே ஓடுவது ஸ்டாக்ஃபிஷ். அது இலவசம் சார்! லிசெஸ் தளத்தில் ஆட்டத்தைப் போட்டால் பைசா செலவில்லாமல் தப்பையெல்லாம் காட்டிவிடும். சும்மா கிடைக்கிற சரக்குக்கு மாசச் சந்தா வாங்குகிறவர் நல்ல வியாபாரி, சந்தேகமில்லை. நல்ல வாத்தியாரா?

காசு போனால் போகட்டும். ஆட்டம் முடிந்த அடுத்த நொடி பையன் இன்ஜினைத் தட்டுகிறான். 18-வது நகர்த்தல் தப்பு, குதிரையை வேறு கட்டத்தில் வைத்திருக்கணும். "ஓ, அப்படியா" என்று அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறான். அந்த நேரத்தில் என்ன நினைத்து அதை ஆடினான்? இன்ஜின் கேட்காது. கேட்க வேண்டியவர் லேப்டாப்பைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்...

"குகேஷ் மாதிரி வரணும்" என்று சேர்த்துவிடுகிறவர்கள் குகேஷ் எப்படிப் பழகினார் என்று பார்த்தார்களா? அவருடைய கோச், கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப வருஷங்களில் அவரை இன்ஜின் பக்கமே விடவில்லை. 2019 ஜனவரியில், 12 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனது சொந்த மூளையில் கணக்குப் போட்டுத்தான். இன்ஜின் அப்புறம் வந்தது. (வராமல் முடியாது. உலக அளவில் ஓப்பனிங் தயாரிப்பே கம்ப்யூட்டரை நம்பித்தான்.)

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 14-வது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். இன்ஜின் கணக்கில் அது டிரா. திரையில் வரும் எண்ணைப் பார்த்தே பழகினவன் அங்கேயே கை குலுக்கியிருப்பான். இவர் விடாமல் இழுத்தார். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். 7.5-6.5. பதினெட்டு வயசில் உலக சாம்பியன். எதிரே இருப்பவர் களைத்துப்போய் தடுமாறுவார் என்று எந்த இன்ஜின் சொல்லும்?

"சின்ன ஊர்ல நல்ல கோச் எங்கே, மெஷினாவது இருக்கட்டுமே" என்பார்கள். நியாயம்தான். 2022-ல் ஒலிம்பியாட் நடந்த மாமல்லபுரம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டம்தான். அதற்காக இங்கே தெருவுக்கு ஒரு கிராண்ட்மாஸ்டரா இருக்கிறார்? கோச்சே கிடைக்காத பிள்ளைக்கு இன்ஜின் வரம். கோச்சுக்கு ஃபீஸ் கட்டியும் இன்ஜின்தான் கிடைக்கிறது என்றால் அதற்குப் பேர் வேறு.

பட்டுத் தறிக்கும் இன்றைக்கு டிசைனை கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கரையும் உடலும் சேருகிற கோர்வை, கை பழகினால்தான் வரும். டிசைனை பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு "நெசவு கற்றுக்கொடுத்தாச்சு" என்று பிள்ளையார்பாளையத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

அடுத்த மாச ஃபீஸ் கட்டும்போது கேளுங்கள்: இன்ஜினை ஆன் பண்ணுவதற்கு முன்னால் என் பிள்ளையிடம் எத்தனை நிமிஷம் பேசுகிறீர்கள்?