சிடி போடும் வாயை அடைக்கிறார்கள்

அடுத்த பிளேஸ்டேஷனுக்கு அடித்தளம் போட்டாகிவிட்டது. சில ஆண்டுகளில் வரவிருக்கும் வீடியோ ஆட்டப் பெட்டிக்கான சில்லுத் தொழில்நுட்பத்தை ஏஎம்டி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிவருவதாக, சோனியின் வடிவமைப்பாளர் மார்க் செர்னியே 2025 அக்டோபரில் சொல்லிவிட்டார். இதற்கும் சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் இருக்கிற எலவனாசூர்கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. முதல் நாளே புதுப் பெட்டி வாங்குகிற ஊர் அல்ல இது. சென்னையில் ஒருவர் ஆடி அலுத்து விற்றது, கைமாறிக் கைமாறி வந்து சேர்கிற ஊர். அந்தக் கைமாறலுக்குத்தான் இப்போது உலை வைக்கிறார்கள்.

2006 தேர்தல் வாக்குறுதிப்படி தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சியை நினைத்துப் பாருங்கள். 2000இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2இன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்களை அதன் ஏவி துளைகளில் செருகினால் படம் வந்துவிடும். சிடி கீறல் விழுந்து பாதியில் நின்றால், கொஞ்சம் பற்பசையைத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி போடுவார்கள்; பல நேரம் ஓடவும் செய்யும். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 அந்த மூன்று பின்களையும் ஒழித்துவிட்டது. பெட்டியோடு டிவியையும் மாற்றவேண்டியதாயிற்று.

மாற்றிக் கண்டது என்ன? முதல் பிளேஸ்டேஷனிலிருந்து இரண்டாவதற்கு வந்தபோது வித்தியாசம் கண்ணைப் பறித்தது. அதை யாரும் மறுக்க முடியாது. பிறகு? 2013இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த ஜிடிஏ 5, 2014இல் நான்குக்கும் 2022இல் ஐந்துக்கும் மறுபடி வந்தது. மூன்று தலைமுறைப் பெட்டிகளில் ஒரே ஆட்டம்! ஆட்டம் திறக்கக் காத்திருக்கும் நேரத்தை ஐந்தில் உள்ள எஸ்எஸ்டி சேமிப்பகம் வெகுவாகக் குறைத்தது உண்மை. அதற்காக ஒரு தலைமுறையையே தூக்கிப் போட வேண்டுமா என்பதற்கு ஆடுகிறவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். பிளேஸ்டேஷன் 5 வந்து 3 ஆண்டு கழிந்த பிறகும், மாதந்தோறும் ஆடுவோரில் ஏறக்குறைய பாதிப்பேர் நான்கிலேயே இருந்தார்கள் என்று காட்டியது சோனி 2024இல் வெளியிட்ட கணக்கு.

முன்பெல்லாம் காத்திருந்தால் விலை இறங்கும். அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டாலருக்கு இறங்கியது. ஐந்தாவதோ பழசாகப் பழசாக விலை ஏறுகிறது. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது, 2022 நவம்பரில் 54,990 ஆயிற்று. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள். பொறுத்து வாங்குகிற ஏழைக்கு இருந்த ஒரே சலுகை போயிற்று.

விலையைவிடப் பெரிய ஆபத்து வேறு. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் சிடி போடும் வாய் கிடையாது, வேண்டுமென்றால் தனிக்காசு. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2இல் பல ஆட்டங்களின் கார்டுக்குள் ஆட்டமே இல்லை, தரவிறக்க அனுமதிக்கும் சாவி மட்டும்தான். இன்றைய பெரிய ஆட்டம் ஒன்று சாதாரணமாக 100 ஜிபியைத் தொடுகிறது. நாளுக்கு 2 ஜிபி ரீசார்ஜை நம்பியிருக்கிற பையன் வேறெதற்கும் செலவழிக்காமல் 50 நாள் இறக்க வேண்டும். கல்வராயன் மலைக் கிராமங்களில் சிக்னலைத் தேடி மேடேறுகிறவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சிடி இருந்தவரை ஆட்டம் ஒரு பொருள். அண்ணன் தம்பிக்குக் கொடுத்தான், நண்பன் இரவல் வாங்கினான், பாதி விலைக்கு விற்று அடுத்ததை வாங்கினான். தரவிறக்கி இணையக் கணக்கில் ஏறிய ஆட்டத்தை அப்படி விற்கவும் முடியாது, இரவல் தரவும் முடியாது. வாங்கியவனிடமேகூட அது தங்காது. 2024 மார்ச் 31இல் யுபிசாஃப்ட் தன் ‘தி க்ரூ’ கார் பந்தய ஆட்டத்தின் சர்வரை அணைத்தது. காசு கொடுத்து சிடியே வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதன்பின் ஆட முடியவில்லை. சிடி இருந்தும் அந்தக் கதி என்றால், அதுவும் இல்லாத பெட்டியை யோசித்துக்கொள்ளுங்கள்.

விற்ற ஆட்டத்தை இப்படி முடக்குவதற்கு எதிராக ஐரோப்பாவில் எழுந்த மனுவில் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியா, இணையத்தில் விற்பது உரிமம்தான், உடைமை அல்ல என்பதை வாங்குமுன்பே தெளிவாகச் சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டு 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. நம்மிடம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். ஆனால் வீடியோ ஆட்டம் என்றாலே இங்கே தடை, அடிமைத்தனம், ஆன்லைன் சூதாட்டம் என்ற பேச்சுத்தான். ஆடுகிறவனும் காசு கொடுத்து வாங்கும் நுகர்வோர் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

புதுப் பெட்டி வேண்டாம் என்று சோனிக்கு நாம் உத்தரவு போட முடியாது. அது இங்கே விற்பனைக்கு வருமுன் சிடி போட வழி உண்டா, இணையம் இல்லாமல் ஓடுமா, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், இந்த மூன்றையும் அட்டைப் பெட்டியின் மேலேயே, தமிழிலும் அச்சிட வேண்டும் என்று விதி செய்ய மத்திய நுகர்வோர் விவகாரத் துறையால் முடியும். பெட்டி கடைக்கு வந்த பிறகு செய்து பயனில்லை. வரைவு இந்த ஆண்டே வெளிவர வேண்டும்.