நகல்நிரலைக் களைவதும் ஆய்வே

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவர்கள், கேரளத்தின் பிற அரசுப் பள்ளி மாணவர்களைப் போலவே, குனு/லினக்ஸ் கணினியில்தான் பாடம் கற்கின்றனர். அவர்களுள் ஒருவர் நாளை கஞ்சிக்கோட்டு ஐ.ஐ.டி.யிலோ பைனாவு அரசுப் பொறியியல் கல்லூரியிலோ சேர்ந்து, லினக்ஸ் கர்னலில் படிந்துள்ள நகல்நிரலைச் சீரமைக்க முன்வருகிறார் என்று கொள்வோம். 'இதில் புதுமை எங்கே?' என்பதே ஆய்வுலகம் அவரிடம் எழுப்பும் முதற்கேள்வியாக இருக்கும். அக்கேள்வியே பிழையானது.

சமிக்ஞைக் கையாளலின் வரலாறு இதற்குச் சான்று. ஒரு சமிக்ஞைக்குரிய கையாளியை அழைக்கும்போது, அது முடியும்வரை எந்தெந்தச் சமிக்ஞைகளைத் தடுத்துவைக்க வேண்டும் என்பதைக் கர்னல் குறித்துக்கொள்கிறது. பதிவகங்களைச் சேமிக்கும் முறை செயலிக்குச் செயலி மாறும்; இந்தத் தடைப்பட்டியலை நிரப்பும் முறையோ எங்கும் ஒன்றே. ஆயினும் 20-க்கும் மேற்பட்ட செயலிக் கட்டமைப்புகள் அவ்வரிகளைத் தத்தம் கோப்புகளில் படியெடுத்து வைத்திருந்தன.

படியெடுத்தவை வரிகள் மட்டுமல்ல, பிழைகளும்தாம். 'நோடிஃபர்' என்னும் கொடி, கையாளப்படும் அதே சமிக்ஞை மீண்டும் வருவதை மட்டுமே அனுமதிக்க வேண்டும். லினக்ஸிலோ அக்கொடியை இட்டால், நிரலர் தடுக்கச் சொன்ன பிற சமிக்ஞைகளும் உள்ளே நுழைந்தன. 2005-இல் ஸ்டீவன் ராஸ்டெட் பிற யூனிக்ஸ் முறைமைகளோடு ஒப்பிட்டுச் சோதித்து இதைத் திருத்தினார். கருத்தளவில் திருத்தம் ஒன்றே. கையளவில் அதைக் கட்டமைப்புதோறும் செய்ய வேண்டியிருந்தது.

இன்னொரு பிழை நுட்பமானது. பல இழைகள் கொண்ட நிரலில், ஒரு சமிக்ஞைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இழை அந்நேரத்தில் அச்சமிக்ஞையையே தடுத்துவிட்டால், அதை ஏற்கக்கூடிய வேறோர் இழையை எழுப்ப வேண்டும். தடைப்பட்டியலை நேரடியாக மாற்றிய நகல்கள் இதை அறியவில்லை. 2011-இல் ஓலெக் நெஸ்தெரோவ் இதற்கெனப் பொதுச் செயற்கூறு ஒன்றை அமைத்தார். 2012-க்குள் மாட் ஃபிளெமிங், அல் வீரோ ஆகியோர் கட்டமைப்புகளைப் பொதுவழிக்குக் கொணர்ந்தனர். எது செயலிக்குரியது, எது அனைத்துக்கும் பொது என்று எல்லை வகுப்பது வெறும் துப்புரவுப் பணியா?

பொதுச் செயற்கூற்றில் நேரும் ஒரு பிழை அனைத்துச் செயலிகளையும் தாக்குமே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அது அனைவர் கண்ணிலும் படும். ஓரிடத்தில் திருத்தினால் எங்கும் தீரும். நகலில் உறங்கும் பிழைக்கு அந்த நற்பேறு இல்லை. 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15-உடன் கர்னலுக்குள் வந்த ரிஸ்க்-ஃபைவ், அப்பொதுவழியின் மீதே தன் சமிக்ஞை நிரலை எழுதிக்கொண்டது. சென்னையின் சக்தி, திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா ஆகிய செயலிகள் இக்கட்டமைப்பைச் சார்ந்தவையே.

ஆகவே ஆய்வேட்டை மதிப்பிடுவோர், எத்தனை வரி சேர்க்கப்பட்டது என்று மட்டும் கேளாமல், எத்தனை நகல் நீக்கப்பட்டது, அந்நீக்கம் சரியென எவ்வாறு நிறுவப்பட்டது என்றும் கேட்கட்டும். அவ்விரு கேள்விகளுக்கும் விடையளிக்கும் ஏடு ஆய்வேடேயாகும்.