ஒரு கல்லூரியை ஆடிட் செய்தே கொல்வது எப்படி?

2013 ஜூலை மாதத் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றும் தேதியும் குறித்தாகிவிட்டது: 2014 ஜூலை 31. அன்றோடு கல்லூரியின் அங்கீகாரம் ரத்து. அமெரிக்காவில் அங்கீகாரம் போனால் அரசுப் பணம் வராது, மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை வராது, அங்கே வாங்கிய கிரெடிட்டை வேறு பல்கலைக்கழகம் சீந்தாது. இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அப்போது அங்கே பதிவு செய்து படித்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 85,000 பேர்!

பாடம் மோசம் என்று யாராவது சொன்னார்களா? இல்லை. அதுதான் இதில் வேடிக்கை. அங்கீகார ஆணையம் 2012-ல் நீட்டிய 14 குறைகளில் பெரும்பகுதி நிர்வாகமும் கணக்கும் காகிதமும்தான். கையிருப்பு நிதி குறைவு. ஓய்வுபெற்ற ஊழியர்களின் மருத்துவச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கவில்லை. கற்றல் விளைவுகளை அளந்து ஆவணப்படுத்தியது போதாது. நிர்வாகிகள் எண்ணிக்கை போதாது. (ஆமாம், ஒரு கல்லூரியில் ஆபீசர்கள் குறைவாக இருப்பது குற்றம். நாக் குழு வருகிறது என்றதும் சுவருக்கு வெள்ளையடித்து ஃபைல் தயாரிக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.)

இந்தக் கல்லூரி எப்படிப்பட்டது என்று தெரியாமல் அந்தத் தீர்ப்பின் அபத்தம் விளங்காது. கொஞ்சம் பின்னால் போகலாம்.

1935. பெருமந்தக் காலம். வேலையில்லாத இளைஞர்கள் ஊரெங்கும். பெர்க்லியிலோ ஸ்டான்ஃபோர்டிலோ சேரப் பணமோ மார்க்கோ இல்லாதவர்களுக்காக ஆர்ச்சிபால்ட் கிளவுட் என்ற கல்வி அதிகாரியின் தலைமையில் 'சான் பிரான்சிஸ்கோ ஜூனியர் காலேஜ்' ஆரம்பமானது. கல்லூரி உண்டு, கட்டடம் இல்லை! ஒரு வகுப்பு பல்கலைக்கழக விரிவாக்க மையத்தில், இன்னொன்று ஒரு உயர்நிலைப் பள்ளியில், மற்றது வேறெங்கோ. பீரியட் முடிந்ததும் டிராம் பிடித்து ஊரைக் கடந்து அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும். 'டிராம் வண்டிக் கல்லூரி' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அதன் குணம் அதில்தான் இருக்கிறது. மாணவனைத் தன் வாசலுக்கு வரவழைக்காமல், ஊரில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கேயெல்லாம் கடை விரித்த கல்லூரி அது.

1940-ல்தான் பல்போவா பார்க் பகுதியில் குன்றின் மேல் சொந்தக் கட்டடம், கட்டடக் கலைஞர் டிமோதி ஃப்ளூகர் வரைந்த அறிவியல் கூடம், திறந்தது. அதே வருடம் ட்ரெஷர் ஐலண்டில் நடந்த உலகக் கண்காட்சியில், பொதுமக்கள் வேடிக்கை பார்க்கப் பார்க்க, மெக்சிகோவின் டியெகோ ரிவேரா ஒரு சுவரோவியம் வரைந்தார். 22 அடி உயரம், 74 அடி அகலம், பத்துப் பலகைகள். வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒன்றோடொன்று கலக்கும் காட்சி. ஃப்ரிடா காலோவும் அதில் இருக்கிறார். கண்காட்சி முடிந்ததும் கல்லூரிக்குக் கட்டப்போகும் நூலகத்தில் அதை வைப்பதாக ஃப்ளூகர் திட்டம் போட்டிருந்தார். போர் வந்தது. 1946-ல் ஃப்ளூகரும் போய்விட்டார். அந்த நூலகம் எழும்பவே இல்லை. உலகப் புகழ்பெற்ற ஓவியம் இருபது வருடம் மரப்பெட்டிகளில் கிடந்து, 1961-ல் கல்லூரி நாடக அரங்கின் முன்கூடத்துக்கு வந்தது. ரிவேரா 1957-லேயே இறந்துவிட்டார். டிக்கெட் இல்லாமல், மியூசிய வரிசையில் நிற்காமல், சமையல் வகுப்புக்குப் போகிற பையன் ரிவேராவைக் கடந்து போக முடிந்தது. வேறெந்த ஊரில் நடக்கும்?

போர் முடிந்ததும் ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் அரசுச் செலவில் படிக்க வந்து குவிந்தார்கள். இடம் போதவில்லை. கடற்படைப் பெண்கள் தங்கியிருந்த பக்கத்துப் பாசறைகளை எடுத்து வகுப்பு நடத்தினார்கள். பின்னர் அந்த இடத்தில் நீர்த்தேக்கம் என்று ஒன்றைத் தோண்டினார்கள். தண்ணீர் ஒருநாளும் நிரப்பப்படவில்லை. கார் நிறுத்தத்தான் பயன்பட்டது. அங்கே 1,100 வீடுகள் கட்ட நகரசபை 2020-ல் அனுமதி கொடுத்தது. நகரக் கல்லூரி என்றால் இப்படித்தான். அதைச் சுற்றியுள்ள மண்ணின் விலை ஏறிக்கொண்டே இருக்கும், அங்கே படிக்க வருகிறவனின் சம்பளம் அப்படியே இருக்கும்.

1960-ல் கலிபோர்னியா ஒரு பெருந்திட்டம் போட்டது. முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கு மாநிலக் கல்லூரிகளுக்கு, மீதி அத்தனை பேருக்கும் ஜூனியர் காலேஜ். அது பின்னால் சமுதாயக் கல்லூரி ஆனது. (இந்தப் பெயர் 1990களின் நடுவில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அங்கே அது பெரும்பாலும் தொழிற்பயிற்சி என்ற அளவில் சுருங்கிப் போனது தனிக்கதை.) 'மீதி அத்தனை பேரும்' என்பதை சான் பிரான்சிஸ்கோ கல்லூரி அப்படியே எடுத்துக்கொண்டது. 1984 வரை கட்டணமே கிடையாது. அந்த வருடம்தான் மாநிலம் முதன்முதலாக ஒரு செமஸ்டருக்கு 50 டாலர் வரை என்று வசூலிக்க ஆரம்பித்தது. 2012-ல் அது ஒரு கிரெடிட்டுக்கு 46 டாலர் ஆனது. கிரெடிட் இல்லாத வகுப்புகளுக்கு மட்டும் கட்டணம் இல்லை: குடியேறியவர்களுக்கான ஆங்கிலம், குடியுரிமைத் தேர்வுக்கான பயிற்சி, பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கான வகுப்பு.

சைனா டவுன் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், மிஷன் பகுதியில் வீட்டு வேலை செய்யும் கவுதமாலாப் பெண், நர்சிங் சேர நினைக்கும் பிலிப்பினோப் பெண், தீயணைப்புத் துறைக்குத் தயாராகும் பையன், கண்ணாடிக் கலை கற்க வந்த எழுபது வயதுக்காரர். எல்லாருக்கும் ஒரே அடையாள அட்டை. 1970-ல் பிலிப்பினோ ஆய்வுத் துறை, 1989-ல் அமெரிக்காவிலேயே முதலாவதாக ஒருபாலினத்தார் ஆய்வுத் துறை என்று, பெரிய பல்கலைக்கழகங்கள் கமிட்டி போட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் ஆரம்பித்தே விட்டார்கள். கால்பந்து ரசிகர்களுக்கு இன்னொரு தகவல்: ஓ. ஜே. சிம்ப்சன் 1960களின் நடுவில் இங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார். (பிற்பாடு அவர் வேறு காரணத்துக்குப் பிரபலமானதற்குக் கல்லூரி பொறுப்பில்லை.)

இனி ஆடிட் விவகாரம்.

பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற ஒரு சங்கதி உண்டு: கோயிங் கன்சர்ன். நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்ற அனுமானத்தில்தான் கணக்கே எழுதுகிறோம். அந்த அனுமானத்தில் சந்தேகம் இருக்கிறது என்று ஆடிட்டர் எழுதினால், அந்த வரியே நிறுவனத்தைச் சாய்த்துவிடும். கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவான், சரக்கு கொடுப்பவன் ரொக்கம் கேட்பான். அதனால் நல்ல ஆடிட்டர் அதை எழுதுவதற்கு முன் நூறு முறை யோசிப்பார். அங்கீகார ஆணையம் யோசிக்கவில்லை. மூடப்போகிற கல்லூரியில் யார் பணம் கட்டிச் சேருவான்? மாணவர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். அப்போது கலிபோர்னியாவில் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் மாநிலம் பணம் கொடுத்தது. ஆள் குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் வகுப்பு குறையும், வகுப்பு குறைந்தால் ஆள் இன்னும் குறையும். கையிருப்பு போதவில்லை என்று குற்றம் சாட்டியவர்கள், வருமானத்தையே பிடுங்கிவிட்டார்கள். 2014-ல் மாநிலம் தனிச்சட்டம் போட்டு நிதியைத் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும்.

சரி, கையிருப்பு ஏன் குறைந்தது? 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநிலம் சமுதாயக் கல்லூரிகளின் பணத்தை வருடாவருடம் வெட்டியது. மற்ற இடங்களில் வகுப்புகளை மூடி ஆட்களை அனுப்பினார்கள். இங்கே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, சேமிப்பைக் கரைத்து, முடிந்தவரை வகுப்புகளைத் திறந்து வைத்தார்கள். பேலன்ஸ் ஷீட்டில் பார்த்தால் இது ஊதாரித்தனம். பஞ்ச காலத்தில் பத்தாயத்தைத் திறந்துவிட்டதற்காக ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி. "அதற்காகக் கணக்கே பார்க்கக் கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாகப் பார்க்கலாம். கல்லூரியின் நிதி நிர்வாகத்தில் ஓட்டைகள் இருந்தன, அதை அதன் ஆதரவாளர்களே மறுக்கவில்லை. ஆனால் கணக்கு சரியில்லை என்றால் கணக்காளரை மாற்றுங்கள். 85,000 பேரை ஏன் தெருவுக்கு அனுப்ப வேண்டும்?

தீர்ப்பு சொன்ன ஆணையத்தின் லட்சணத்தையும் பார்த்துவிடலாம். ஆய்வுக் குழுவில் ஆணையத் தலைவரின் கணவரே ஓர் உறுப்பினர்! போதாக்குறைக்கு, குழுவில் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லை. இவை இரண்டையும் அமெரிக்கக் கல்வித் துறையே 2013 ஆகஸ்டில் குறிப்பிட்டு ஆணையத்துக்குக் கடிதம் எழுதியது. அதே மாதம் நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா வழக்குத் தொடுத்தார். 2014 ஜனவரியில் நீதிபதி கர்டிஸ் கார்னோ மூடலுக்குத் தடை விதித்தார். 2015 ஜனவரியில், ஆணையம் சட்டத்தை மீறியது, கல்லூரிக்கு முறையாகப் பதில் சொல்ல வாய்ப்புத் தரவில்லை என்று தீர்ப்பளித்தார். 2017 ஜனவரியில் அதே ஆணையம் வாயைத் திறக்காமல் ஏழு வருட முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டுப் போனது. இடையில் வெளியேறிய மாணவர்களுக்கு யார் பதில் சொல்வது? ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அறங்காவலர் குழுவை 2013-ல் ஒதுக்கிவிட்டு, மாநிலம் அனுப்பிய ஒற்றை ஆளிடம் அதிகாரம் முழுவதையும் கொடுத்தார்களே, அதற்கு?

ஊர் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது ஓட்டிலேயே தெரிந்தது. 2012 நவம்பரில், கல்லூரி தள்ளாடிக்கொண்டிருந்தபோது, சொத்து ஒன்றுக்கு வருடம் 79 டாலர் கூடுதல் வரி கட்டச் சம்மதமா என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சம்மதம் என்றார்கள். 2016-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கைமாறும் கட்டடங்களுக்கு வரியை உயர்த்தினார்கள். அந்தத் தெம்பில் 2017 இலையுதிர் பருவத்திலிருந்து நகரவாசிகளுக்குக் கட்டணத்தை நகரமே கட்ட ஆரம்பித்தது. 1984-ல் போனது 33 வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் ஆணையம் தோற்றாலும் அதன் அளவுகோல் ஜெயித்துவிட்டது. 2012 இலையுதிர் காலத்திலேயே, நெருக்கடிக்குப் பயந்து, கல்லூரி தன் குறிக்கோள் அறிக்கையைத் திருத்தியது. பட்டம், பல்கலைக்கழக மாற்றம், தொழில் சான்றிதழ், அடிப்படைத் திறன் ஆகியவை முதன்மை. மற்றதெல்லாம் 'நிதி அனுமதிக்கும் அளவுக்கு'. அதே வருடம் மாநில அளவில் விதி மாறியது: நூறு யூனிட்டுக்கு மேல் படித்தவர்கள் வரிசையில் பின்னால் போக வேண்டும். கலை வகுப்புகளைத் திரும்ப எடுப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. பட்டம் வாங்காமல் பத்து வருடமாக வந்துபோகிற ஆள் இவர்கள் கண்ணுக்கு ஒரு செலவினம். அவர் பட்டம் வாங்க வந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நூலகத்தில் உறுப்பினராக இருப்பவரிடம் "எப்போது முடிப்பாய்?" என்று யாராவது கேட்பார்களா?

இதற்கிடையில் சைனா டவுன் எல்லையில் 14 மாடியில் ஒரு புதிய வளாகம் எழுந்தது. அக்கம்பக்கத்துக் கட்டடக்காரர்கள் பல வருடம் எதிர்த்தார்கள். 2012 ஆகஸ்டில், ஆணையத்தின் எச்சரிக்கைக் கடிதம் வந்து சில வாரங்களே ஆன நேரத்தில், அது திறந்தது. வேலை முடிந்து மாலையில் வந்து ஆங்கிலம் படிக்கிறவர்களுக்காகக் கட்டியது.

2018-ல் மாநிலம் புதிய நிதிச் சூத்திரம் கொண்டுவந்தது. ஒரு பங்கு எண்ணிக்கைக்கு, ஒரு பங்கு ஏழை மாணவர்களுக்கு, ஒரு பங்கு 'வெற்றி'க்கு. வெற்றி என்றால் பட்டம், சான்றிதழ், மாற்றம் இத்யாதி. ஆங்கிலம் கற்று, மருந்துச் சீட்டைத் தானே படித்து, குடியுரிமைத் தேர்வில் பாஸான சைனா டவுன் பாட்டிக்கு அந்த வெற்றிப் பட்டியலில் கட்டம் கிடையாது. 2022 மே மாதம் 38 முழுநேர ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்க அறங்காவலர் குழு வாக்களித்தது. பட்டியலில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். சொன்ன காரணம்: பற்றாக்குறை, கையிருப்பு.